முதல் நூறு கைகள்

இம்மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, வந்திருந்த கடிதங்களில் நான்கு ஒரே தொழிலைப் பற்றியவையாக இருந்தன. அழகு நிலையங்களில் நகப் பராமரிப்பைப் பல ஆண்டுகள் தொழிலாகச் செய்து, பின்பு பலருக்கும் கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில் இப்பகுதி முழுவதையும் அந்த நான்குக்கே ஒதுக்குகிறேன். முதல் கடிதத்துக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 28 வயது. அலுவலக வேலையை விட்டுவிட்டு, நகப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, மூன்று மாதமாகச் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே வாடிக்கையாளர்களைப் பார்த்து வருகிறேன். நகத்துக்குக் கனமும் வலுவும் தரும் பில்டர் ஜெல் வைத்து ஒரு நிறம் பூசி முடிக்க எனக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகிறது. என் பயிற்சி ஆசிரியை அதை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார். முடித்த நகத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துச் சரிசெய்கிறேன். அப்படியும் இடது கை மோதிர விரல் ஒரு பக்கம் சாய்ந்தே தெரிகிறது. இரண்டு பேருக்குப் பத்து நாளுக்குள் ஜெல் நகத்தைவிட்டுத் தூக்கிக்கொண்டது. இரவில் இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. என் வேலை எந்த அளவுக்கு வந்தால் போதும் என்று எண்ணலாம்? எப்போது இது நமக்கு வராது என்று விட்டுவிடலாம்?
— வாசகி, ஈசூன்

பதில்: தங்கைக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், அதில் இரண்டு அளவுகோல்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மனச்சுமையில் பாதி இறங்கிவிடும் என்று நம்புகிறேன். வாடிக்கையாளரின் நகத்துக்கும் தோலுக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்வது ஓர் அளவுகோல். அதில் முதல் நாளிலிருந்தே முழுமை வேண்டும், புதியவர் என்ற சலுகைக்கு அங்கே இடமில்லை. வடிவம், சமச்சீர், வேகம், அலங்காரம் ஆகியவை இன்னோர் அளவுகோல். அது ஆண்டுக்கணக்கில் கைகூடுவது, மூன்று மாதத்தில் அதை எதிர்பார்ப்பது உங்களுக்கு நீங்களே இழைத்துக்கொள்ளும் அநியாயம். உங்கள் கடிதத்தில் உள்ள வருத்தம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியதாகவே இருக்கிறது, முதலாவதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எனவே நான் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜெல் என்பது அதற்கென உள்ள புற ஊதா விளக்கின் ஒளி பட்டதும் இறுகிக் கெட்டியாகும் அக்ரிலேட் வகைப் பொருள். முறையாக இறுகிய ஜெல்லால் தோலுக்குத் தொல்லை வருவது அரிது. இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் ஒவ்வாமைக்கு வழி. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று பட்டுக்கொண்டே வந்து, ஒரு நாள் விரல் நுனியில் அரிப்பும் கொப்புளமும் வெடிப்புமாக வெளிப்படும் அந்த ஒவ்வாமை, வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் போகாது. பல் அடைக்கும் பொருள்களிலும் மூட்டு அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்தும் எலும்புச் சிமெண்டிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் இருப்பதால், பின்னாளில் சிகிச்சை பெறும் இடத்திலும் அது குறுக்கிடக்கூடும். வாடிக்கையாளர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நெருங்கும் பொருளை நீங்கள் தினமும் கையாளுகிறீர்கள். அவரைவிட உங்களுக்கே அபாயம் அதிகம்.

ஆகவே தோலுக்கும் ஜெல்லுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விடுங்கள். வழிந்து தோலில் பட்டால், விளக்குக்குள் கையை வைப்பதற்கு முன்பே மரக்குச்சியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். கையுறையில் ஜெல் பட்டால் அதைக் கழற்றி வேறொன்றைப் போடுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே இந்தப் பொருள்கள் ஊடுருவிவிடும். நான்கு விரல்களோடு கட்டை விரலையும் சேர்த்து விளக்குக்குள் வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு ஒளியைச் சரியாக வாங்காது. கட்டை விரல்களைத் தனியாக வையுங்கள். வெள்ளை, கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்கள் ஒளியை உள்ளே விடாமல் தடுப்பதால் அவற்றை மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுங்கள். ஜெல்லில் ஒளியை வாங்கி இறுகவைக்கும் பொருள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். பெரும்பாலானவை 365 முதல் 405 நானோமீட்டர் வரையுள்ள ஒளிக்கு வேலை செய்தாலும், ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு இன்னொரு நிறுவனத்தின் மலிவு விளக்கு போதுமான ஒளியைத் தரும் என்று எண்ணிவிட முடியாது. மேலே தொட்டால் கெட்டியாக இருக்கும், அடியில் பச்சையாகவே இருக்கும். ஒளியை வாங்கி ஜெல்லை இறுகவைக்கும் பொருள்களில் ஒன்றான டி.பி.ஓ. (TPO) என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டு வந்து கேட்பார்கள். உங்கள் புட்டிகளில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீல விளக்கு எரியும் சிறு பெட்டிக்குள் வைப்பதால் உலோகக் கருவிகள் கிருமி நீங்கியவை ஆகிவிடாது. சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகு, கிருமிநாசினிக் கரைசலில் குறிப்பிட்ட நேரம் ஊறவைக்கவோ நீராவி அழுத்தக் கலத்தில் வைக்கவோ வேண்டும். அட்டை அரங்களையும் நகத்தை மெருகேற்றும் பஃபரையும் ஒருவருக்குப் பயன்படுத்தியபின் இன்னொருவருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இதில் எதற்கும் கைத்திறன் தேவையில்லை, கவனம் மட்டும் போதும். மூன்று மாத அனுபவம் உள்ளவரும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இதில் சமம். இதைச் சரியாகச் செய்கிறீர்கள் என்றால், வாடிக்கையாளர் முன் நிமிர்ந்து உட்காரும் உரிமை உங்களுக்கு இன்றே உண்டு.

இனி, திரும்பத் திரும்பத் தேய்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் என் கையால் நேர்ந்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. அந்நாளில் நான் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. வாசல்வரை ஆட்கள் காத்திருந்தார்கள். ஓர் அம்மா, பத்து விரலிலும் மருதாணி நன்றாகச் சிவந்திருந்த கைகளை நீட்டி, நிறம் எதுவும் வேண்டாம், இந்தச் சிவப்பு தெரியும்படி நிறமற்ற ஜெல் வைத்தால் போதும் என்றார். நான் அவசரத்தில் நகம் தேய்க்கும் டிரில்லின் முனையை அதிகமாகச் சாய்த்துப் பிடித்தபடி நகத்தின் அடிவரை கொண்டுபோனேன். வலது மோதிர விரலில் அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். மருதாணிச் சிவப்பின் நடுவே, அடித்தோலை (நகம் முளைக்கும் ஓரத்தை மூடியிருக்கும் தோலை) ஒட்டி, வெளிறிய பிறை ஒன்று தெரிந்தது. நகத்தை அவ்வளவு ஆழம் குடைந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அவர் மீண்டும் வந்தார். ஜெல்லை ஊறவைத்து நீக்கியபோது அந்தப் பிறை அப்படியே இருந்தது, ஆனால் இடம் மாறியிருந்தது. அடியில் இருந்தது நகத்தோடு வளர்ந்து வளர்ந்து நுனிக்கு அருகில் வந்து நின்றது. மருதாணியும் அதனோடு மேலே ஏறி, பின்னால் முளைத்த புது நகம் நிறமின்றி இருந்தது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். குடைந்த இடம் தானாக நிரம்பாது, வெட்டி எறியும்வரை அங்கேயே மெலிந்து நிற்கும். என் அரை நிமிட அவசரத்தை அந்த அம்மா மூன்று மாதம் விரலில் சுமந்திருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன்: சாய்ந்து தெரியும் மோதிர விரலைவிட, அதை நேராக்க நீங்கள் பத்தாவது முறை அரத்தை எடுப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. இயற்கை நகத்தின் மேற்பரப்பில் 180க்குக் குறைந்த எண்ணுள்ள முரட்டு அரம் படவே கூடாது. ஜெல்லின்மேல் தேய்க்கும்போதும், நகத்தை மூன்று கோணத்தில் பாருங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், பிறகு விரல் நுனி உங்கள் கண்ணை நோக்கியபடி. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு திருத்தம். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த விரலுக்குப் போய்விடுங்கள். வாடிக்கையாளரின் தோல் சூடாகிறதா, எரிகிறதா என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருங்கள். பயிற்சிப் பாடங்களில் காட்டப்படும் சிவந்த தோல் நம்மவர்களின் மாநிறத்தில் அவ்வளவு சிவப்பாகத் தெரியாது, சற்றுக் கறுத்தாற்போல் மட்டும் தெரியலாம். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மோதிர விரல் சாய்வுக்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பலருக்கு நகமே விரலில் சற்றுச் சாய்ந்துதான் முளைத்திருக்கும். நகத்தின் ஓரத்தை அளவாக வைத்துக்கொண்டு நுனியை வடித்தால், அந்தச் சாய்வை நீங்களே நீட்டிக் காட்டுகிறீர்கள். விரலின் நடுக்கோட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை மேலே வரும்படி கையைத் திருப்பச் சொல்லி, விரல் சதையின் பின்னாலிருந்து நுனி எப்படி எட்டிப்பார்க்கிறது என்று கவனித்தால், மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பியது அங்கே பளிச்சென்று தெரியும். வாடிக்கையாளரின் இடது கையில் மட்டும் இந்தக் குறை வருகிறது என்றால், நீங்கள் அந்தக் கையை உங்கள் வசதிக்காக ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கிறீர்களோ என்றும் பாருங்கள்.

ஜெல் தூக்கிக்கொண்டதைப் பற்றி: அது நடந்ததற்காக வெட்கப்பட வேண்டாம், எங்கே தூக்கியது என்று பார்க்கத் தவறினால்தான் வருத்தப்பட வேண்டும். அடித்தோல் பக்கம் தூக்கியிருந்தால், நகத்தின்மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய செத்த தோலை நீங்கள் முழுக்க எடுக்கவில்லை, அல்லது ஜெல் தோலில் ஏறியிருக்கிறது. நுனியில் தூக்கியிருந்தால், நுனி விளிம்பை ஜெல்லால் மூடாமல் விட்டிருப்பீர்கள், அல்லது அவர் வேலைக்குத் தாங்காத நீளம் வைத்திருப்பீர்கள். ஓரங்களில் என்றால், நகக்கண் மடிப்புக்குள் தூசி தங்கியிருக்கலாம். ஒரே ஒரு விரலில் என்றால் அந்த விரலோடுதான் கதை. அவர் அதைக் கொண்டு டப்பா திறக்கிறாரா என்று கேளுங்கள். பத்து விரலிலும் என்றால் விளக்கையோ, உங்கள் தயாரிப்பு முறையையோ சந்தேகப்படுங்கள். நடுவில் விரிசல் விட்டிருந்தால், அழுத்தம் விழும் இடத்தில் ஜெல்லின் மேடு போதவில்லை. தூக்கிய ஜெல்லை வாடிக்கையாளர் பிய்க்காமல் உடனே வரச் சொல்லுங்கள். பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும், அப்படியே விட்டால் இடுக்கில் ஈரம் தங்கிப் பச்சை நிறக் கறையை உண்டாக்கும் பாக்டீரியா குடியேறும்.

"தெரியவில்லை, ஏனோ தூக்கிக்கொண்டது" என்று நீங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கும். "அடித்தோல் ஓரத்தில் தூக்கியிருக்கிறது, நான் செத்த தோலைச் சரியாக எடுக்காததால் வந்தது, இன்று சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம்" என்று சொல்லும்போது நடுங்காது. எனக்குத் தெரிந்தவரை தன்னம்பிக்கை இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. பாராட்டினால் வரும் நம்பிக்கை அடுத்த குறை கேட்டதும் கரைந்துவிடும். காரணம் தெரிந்ததால் வரும் நம்பிக்கை குறை கேட்கும்போதும் கூடவே நிற்கும்.

மூன்றேகால் மணி நேரத்துக்கு வருவோம். ஒரு குறிப்பேடு வாங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நகத்தைத் தயார்செய்ய, ஜெல் வைக்க, வடிவம் தேய்க்க, நிறம் பூச என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். நான் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நேரம் கரைந்தது வடிவம் தேய்க்கும் கட்டத்தில்தான். அதற்குக் காரணமோ அதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. ஜெல்லை ஒழுங்காக வைத்தால் தேய்ப்பதற்கு அதிகம் இருக்காது. நம் ஊர் வெக்கையில், குளிர்சாதனம் போடாத அறையில் பில்டர் ஜெல் இளகி ஓரங்களுக்கு ஓடிவிடும். ஐந்து விரலுக்கும் ஒன்றாக வைத்துவிட்டு முதல் விரலுக்குத் திரும்புவதற்குள் அது வழிந்திருக்கும். ஒன்றிரண்டு விரலுக்கு வைத்து, சில நொடிகள் விளக்கில் காட்டி நிறுத்திவிட்டு, அடுத்த விரலுக்குப் போங்கள். சன்னல் ஓரத்தில் உட்காராதீர்கள். வெயில் வெளிச்சத்திலும் ஜெல் இறுகத் தொடங்கும், திறந்து வைத்த டப்பியும் கெட்டுப்போகும்.

மாதத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, அதில் பத்து நிமிடம் குறைக்கப் பாருங்கள். மற்றவற்றை அப்படியே விடுங்கள். முன்பதிவின்போதே "எனக்கு மூன்றரை மணி நேரம் ஆகும், அதற்கு ஏற்றபடி வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நேரத்தை முன்கூட்டியே சொன்னால் பொறுமையாக உட்காருவார்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு இழுத்தால்தான் கோபம் வரும்.

இன்ஸ்டாகிராம் படங்கள் முடித்த அந்த நிமிடத்தில், எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில், பத்துக் கோணம் பார்த்து எடுத்தவை. அந்த நகம் 21ஆம் நாளில் எப்படி இருந்தது என்று யாரும் போடுவதில்லை. நீங்கள் உங்கள் வாடிக்கையாளர்களிடம் 21ஆம் நாள் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைக் குறிப்பேட்டில் அவரவர் பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், எது நின்றது, எது தூக்கியது, எது உடைந்தது என்று உங்கள் வேலையே உங்களுக்குப் பாடம் சொல்லும். இரவில் பார்ப்பதற்கு அந்தப் படங்கள் போதும்.

எப்போது விட்டுவிடலாம் என்ற கேள்விக்கு, நூறு கைகளுக்கு முன்னால் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவருக்கு இரண்டு கை; ஐம்பது முறை வாடிக்கையாளர் முன் உட்கார்ந்தால் நூறு. அதற்குப் பின் குறிப்பேட்டின் முதல் பத்துப் பக்கங்களையும் கடைசிப் பத்துப் பக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். அதே விரல், அதே இடம், அதே குறை என்று மாற்றமே இல்லாவிட்டால், தொழிலை விடுவதற்கு முன் ஒரு நாள் அனுபவமுள்ள ஒருவர் அருகில் உட்கார்ந்து உங்கள் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக வீட்டில் கற்பவர்களுக்கு அரத்தைப் பிடிக்கும் விதத்திலேயே சிறு பிழை ஒன்று ஊறிப்போயிருக்கும். நகம் தொடும்போது உங்களுக்கு விரல் நுனி அரிக்கத் தொடங்கினால் மட்டும் நூறு வரை காத்திராமல் அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து செய்வதால் உறவினர்கள் எல்லோரும் "பழகுவதற்குத்தானே" என்று இலவசமாகச் செய்யச் சொல்கிறார்கள். மாமியாரின் தங்கை மாதம் தவறாமல் வருகிறார். காசு கேட்க வாய் வரவில்லை, கேட்கும் அளவுக்கு என் வேலை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.
— வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: வேலை முழுத் தேர்ச்சி பெறாதபோது விலை குறைவாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது. நீங்கள் செலவிடும் ஜெல், அசிட்டோன், அரம், கையுறை எல்லாவற்றுக்கும் வெள்ளி போகிறது. ஒருவருக்கு எவ்வளவு பொருள் செலவாகிறது என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் ஒரு சிறு கூலி வைத்து, "பயிற்சிக்கால விலை, இந்த மாதம் வரை" என்று தேதியோடு எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிடுங்கள். சின்ன மாமியாரிடம் நேரில் சொல்லும்போது, "சித்தி, முதல் மூன்று மாதம் உங்கள் கையில்தான் பழகினேன், அதை மறக்க மாட்டேன்; இனிமேல் பொருள் காசை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நன்றியும் விலையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பெரியவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வீவக வீட்டில் சிறு அளவில் இப்படித் தொழில் செய்ய இடமுண்டு. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள்தான் வேலை செய்ய வேண்டும், வெளியே பெயர்ப் பலகை வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. தொடங்குமுன் கழகத்தின் இணையப்பக்கத்தில் நிபந்தனைகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், நெடி அதிகமுள்ள அக்ரிலிக் திரவத்தைத் தவிர்த்து ஜெல் வேலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பெடிக்கியூருக்கு வந்தார். கால் கட்டை விரல் நகம் தடித்து மஞ்சளாக இருந்தது. தனக்கு நீரிழிவு இருப்பதாகவும் சொன்னார். எனக்குப் பயம் வந்து செய்ய மறுத்துவிட்டேன். "உனக்கு வேலை தெரியவில்லை என்று சொல்" என்று கோபித்துக்கொண்டு போனார். நான் செய்தது கோழைத்தனமா?
— வாசகி, தோ பாயோ

பதில்: இல்லை. நீங்கள் செய்தது சரி; சொன்ன விதத்தை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நீரிழிவு நெடுநாள் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். நீங்கள் நகக்கண்ணில் கத்தரியை இலேசாக நுழைத்துவிட்டாலும் அவருக்கு வலிக்காது, உங்களுக்கும் தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாமல் புண்ணாகிப் போகலாம். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் இந்தச் சூழ்நிலை உங்களுக்கு அடிக்கடி வரும்.

தடித்த மஞ்சள் நகம் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அதைச் சொல்வது நம் வேலை அன்று. நோயின் பெயரைச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: "அம்மா, இந்த நகம் தடித்திருக்கிறது, நிறமும் மாறியிருக்கிறது. இதன்மேல் நான் பூச்சு வைத்து மூடினால் உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடும். நீரிழிவும் இருக்கிறது என்கிறீர்கள். பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள், அவர்கள் செய்யலாம் என்று சொன்னால் நான் செய்கிறேன். இன்று கைக்கு வேண்டுமானால் செய்துவிடட்டுமா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மறுக்கப்பட்டோம் என்ற மனக்குறை அந்த ஒரு வாக்கியத்தில் பாதி தணிந்துவிடும். கால் நகம் முழுதும் புதிதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்பதையும் சொல்லி வையுங்கள்; மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் ஏன் மாறவில்லை என்று அவர் மனம் தளராமல் இருப்பார்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற கருநிறத் தோலுள்ளவர்களுக்குப் பல நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். அதைப் பார்த்துப் பயமுறுத்தாதீர்கள். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போகும் கோட்டையோ, நிறம் பக்கத்துத் தோலுக்கும் பரவியிருப்பதையோ கண்டால், பூச்சு வைக்காமல் மருத்துவரிடம் விரைவில் போகச் சொல்லுங்கள். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருப்பதுண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒருவரின் பத்து விரலையும் கண்ணருகே வைத்துப் பார்ப்பவர் நீங்கள். அவர் வீட்டில் வேறு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

கேள்வி: எனக்கு 43 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நகப் பராமரிப்பு கற்க ஆசை. வகுப்பில் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். மெல்லிய கோடு வரையும்போது கை நடுங்குகிறது, ஓரங்கள் மங்கலாகத் தெரிகின்றன. இந்த வயதில் இது வருமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வரும். உங்கள் கடிதத்தில் உள்ள முக்கியமான செய்தி கை நடுக்கம் அன்று, ஓரங்கள் மங்கலாகத் தெரிவதுதான். நாற்பதைத் தாண்டியதும் அருகில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறைவது எல்லோருக்கும் நேர்வது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாதபோது கை தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் பலர் நடுக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். நடுங்காமல் இருக்க, தூரிகை பிடித்த கையின் சுண்டு விரலை மற்றக் கையின்மேல் ஊன்றிக்கொண்டு, மணிக்கட்டை மேசை விளிம்பில் பதித்து வரையுங்கள். இருபது வயதுக்காரர்களும் அப்படித்தான் வரைய வேண்டும். மெல்லிய கோடு உங்களுக்கு ஆறு மாதம் கழித்து வந்தாலும் குறையில்லை. சுத்தமாகத் தயார்செய்து, ஒரே நிறத்தை ஓரம் பிசகாமல் பூசத் தெரிந்தவரைத் தேடி வருபவர்கள் அதிகம். அலங்காரம் கேட்டு வருபவர்கள் அதைவிடக் குறைவு என்பதே நான் கண்டது.

40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவித்தொகை) கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. ஆனால் அதை எல்லாப் பயிற்சிக்கும் பயன்படுத்த முடியாது, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. 25 வயதிலிருந்து கிடைக்கும் 500 வெள்ளிக்குத் தகுதியான பயிற்சிகள் அதைவிட அதிகம். எனவே முன்பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேர நினைக்கும் வகுப்பு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று இணையத்தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்; பயிற்சி நிலையத்தார் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கண்ணாடிக் கடைக்குப் போகும்போது படிப்பதற்கான கண்ணாடி என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வேலை மேசை முன் வழக்கம்போல் உட்கார்ந்து, உங்கள் கண்ணிலிருந்து வாடிக்கையாளரின் விரல் இருக்கும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று மகளை விட்டு அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.